பாய் கோத்த ஜெபமாலை

அன்று ஏழாம் வகுப்பு அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். வகுப்பை நடத்திய என் இளைய மகள் இருந்தாள். அவளோடு சேர்ந்து அதே வகுப்பை நடத்துகிற, பள்ளிவாசல் பள்ளிக்கூடத்தின் கணக்கு டீச்சர் இருந்தாள். அந்த டீச்சரின் மாமனாரான கண்ணாடிக் கடை பாய் இருந்தார். கன்னியர் பள்ளியின் தலைமை ஆசிரியையான சிஸ்டர், கடைசி பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் பத்தொன்பது பேர். அவர்களில் ஒரு பெண்ணை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் 'ஆனா' என்று தொடங்குவதால் அவளுக்கு 'ஆனா' என்றே பட்டப்பெயர்.

இவ்வளவுதான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர்களும், பக்கத்து அறையிலிருந்து காது கொடுத்தவர்களும் இதில் சேர மாட்டார்கள். ஊரில் இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த இரண்டு வகைதான் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

அது என்ன வகுப்பு என்றால், கத்தோலிக்கப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒருவரோடு ஒருவர் உரையாடக் கற்றுக்கொள்ளும் வகுப்பு. புதன்கிழமைதோறும் இரண்டு பீரியட். என் மகள் முதன்முதலாகச் சொன்னபோது நான் சிரித்தேன்.

"பேசக் கத்துக்கொடுக்க ஒரு வகுப்பா? வாய் இருக்கிறவன் பேசுறான்."

"பேசறதுக்கு இல்லப்பா. கேக்கறதுக்கு."

"காதும் இருக்கு எல்லாருக்கும்."

"இருக்கு. உங்களுக்கும்தான் ரெண்டு இருக்கு" என்றாள். அவள் வாய் அவள் அம்மாவிடமிருந்து வந்தது.

வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம். கரும்பலகையின் மூலையில் அழிக்காமல் எழுதி வைத்திருந்தார்கள். ஒருவர் தன் மனத்தில் உள்ளதை மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் 'ஆமா, அதான்' என்று ஒப்புக்கொள்ளும் வரை பதில் பேசக் கூடாது. கேள்வி கேட்கலாம். மூன்று தடவைதான் வாய்ப்பு. நடுவில் 'ஆனா' என்ற சொல் வந்தால் அந்தத் தடவை போயிற்று. அந்தப் பெண் எப்படிக் கஷ்டப்பட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகுப்பை நிறுத்திவிட வேண்டும் என்று பெற்றோர் சிலர் சிஸ்டரிடம் போயிருந்தார்கள். "எங்க பிள்ளைங்களை மாத்திடுவாங்க" என்று இரண்டு பக்கத்தாரும் ஒரே வார்த்தையில் சொன்னார்களாம். அந்த ஒரு விஷயத்தில் பூரண ஒற்றுமை. சிஸ்டர் என் மகளைக் கூப்பிட்டு, "ஒரு நாள் நானே வந்து உக்காந்து பாக்கறேன். சிரிச்சுக் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கிறதுக்கு வாரம் ரெண்டு பீரியட் கொடுக்க முடியாது. உண்மையா ஏதாவது நடந்தா அடுத்த வருஷமும் இருக்கட்டும். இல்லைன்னா இத்தோட சரி" என்று சொல்லிவிட்டார்.

உண்மையாக நடக்க வேண்டுமானால் உண்மையான சண்டை வேண்டும். பிள்ளைகள் அதுவரை கற்பனைச் சண்டைகளைத்தான் போட்டுப் பழகியிருந்தார்கள். என் மகள் ஊர் முழுக்கத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. சண்டைக்காரர்களில் ஒருவர் அவள் வீட்டுக் கூடத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நானும் கண்ணாடிக் கடை பாயும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோம். காரணம் என் மனைவியின் ஜெபமாலை.

அது அவளுக்கு அவள் தாயார் கொடுத்தது. கருத்த மரமணிகள், நூலில் கோத்தது. பத்துச் சின்ன மணிக்கு ஒரு பெரிய மணி, அப்படி ஐந்து பத்து. நான்கு வருடத்துக்கு முன்னால் மாதா கோயில் வாசலில் நூல் அறுந்து மணியெல்லாம் சிதறிவிட்டது. பொறுக்கிக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு நேராகப் பாய் கடைக்குப் போயிருக்கிறாள். மூக்குக்கண்ணாடிக்குத் திருகு போடுகிற கை. தொழுகைக்கு வருகிறவர்களின் தஸ்பீஹ் மணிமாலைகளையும் அவர்தான் கோத்துத் தருவார். மறுநாள் ஜெபமாலை வீட்டுக்கு வந்துவிட்டது. முடிச்சு அவ்வளவு சுத்தம். நானே பாராட்டினேன்.

எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கு ஜெபம். மூன்று தலைமுறையாகத் தவறியதில்லை. நானும் அவளும் ஆளுக்கொரு ஜெபமாலையை வைத்துக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' பத்தையும் மனத்துக்குள் சொல்லுவோம். பத்து முடிந்ததும் 'பிதாவுக்கும் சுதனுக்கும்' மட்டும் சேர்ந்து சத்தமாகச் சொல்லுவோம். மாலை கோத்து வந்த பிறகு நான் முடித்துக் காத்திருக்கும்போதெல்லாம் அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். "வயசாயிடுச்சு உனக்கு" என்று கேலி செய்வேன். அவள் பதில் சொல்ல மாட்டாள். அவள் பதில் சொல்லாத ஒரே கேலி அதுதான் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் அவள் ஜெபமாலையைத் தற்செயலாகக் கையில் எடுத்தேன். நான் முப்பத்தாறு வருடம் நில அளவையாளனாக வேலை பார்த்தவன். அளவைச் சங்கிலியில் பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளைத் துண்டு தொங்கும். பத்து என்பது என் விரலுக்குத் தெரியும், எண்ண வேண்டியதில்லை. விரல் ஓடியது, பெரிய மணி வர வேண்டிய இடத்தில் இன்னொரு சின்ன மணி நின்றது. எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. அடுத்ததும் பதினொன்று. ஐந்து பத்தும் ஐந்து பதினொன்றாக இருந்தன. பதினொன்று அவர்கள் தஸ்பீஹின் கணக்கு.

சங்கிலியில் ஒரு கண்ணி கூடினால் ஒருவன் தோட்டம் அடுத்தவன் வேலிக்குள் போய்விடும். நான் சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால், "உங்க மதத்தைக் கொண்டுவந்து என் வீட்டு ஜெபமாலையில கோத்திருக்கீங்க, பாய்" என்றேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் "சரிங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அது எனக்கு இன்னும் எரிந்தது.

அதற்குப் பிறகு நான் அவர் தெருவழியாகப் போகவில்லை. கண்ணாடிகூடப் பேருந்து ஏறிப் போய் வேறு ஊரில்தான் செய்துகொண்டேன். அது மூக்கில் நிற்காது. குனிந்தால் சாதத்தில் விழும். என் மனைவி எடுத்துக் கழுவித் தருவாள். "ரோஷத்துக்கு ஃபிரேம் சரியில்ல" என்பாள்.

ஜெபமாலையை மாற்றித் தருகிறேன் என்று அவளிடம் எத்தனையோ தடவை சொன்னேன். "அதைத் தொடாதீங்க" என்று மட்டும் சொல்லுவாள். நானும் மேலே கேட்கவில்லை. கேட்காமலே கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

வகுப்புக்கு வர முடியாது என்று மகளிடம் சொன்னேன். குடும்ப விஷயத்தைப் பிள்ளைகள் முன்னால் கொட்டுவது எங்கள் வழக்கமில்லை என்றேன். உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்:

"நீங்க போகலைன்னா நான் போறேன். அப்புறம் நான் சொல்றதுதான் சரித்திரம்."

போனேன்.

அறையில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டிருந்தார்கள். பாய் முன்னதாகவே வந்திருந்தார். இரண்டு வருடத்தில் தாடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நான் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார். சிஸ்டர் ஏதோ எழுதிக்கொண்டார்.

"முதல்ல அப்பா சொல்லட்டும். மூணு வாக்கியம்" என்றாள் என் மகள்.

முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "என் வீட்டு ஜெபமாலையைத் தப்பா கோத்துக் கொடுத்தாரு. அதை எங்ககிட்ட சொல்லலை. நேர்ல போய்க் கேட்டப்பவும் பதில் சொல்லலை."

பாய் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு மருமகளைப் பார்த்து, "அண்ணன் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. அதையும் சொல்லலாமா டீச்சர்?" என்றார். சொந்த மருமகளை டீச்சர் என்று கூப்பிட்டதும் பிள்ளைகள் சிரித்தார்கள்.

"சொல்லுங்க மாமா."

"ஊர்ல இருக்கிற அத்தனை பேர் எல்லையையும் அளந்து கல் நட்டுக் கொடுத்த மனுஷன். தன் வீட்டுக்குள்ளயே கல் தள்ளி நட்டிருக்கு, ரெண்டு வருஷமா அது தனக்கே தெரியலைன்னா அவருக்கு எப்படி இருக்கும்? கோபம் எண்ணிக்கை மேல இல்ல. தனக்குத் தெரியாமப் போச்சேங்கிறதுதான்."

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டதுகூட இல்லை. எதிரில் இருப்பவர் ஒரே தடவையில் சொல்லிவிட்டார். சட்டம் சட்டம்தான். "ஆமா, அதான்" என்றேன்.

இப்போது அவர் முறை.

"அண்ணி கைக்குட்டையை அவிழ்த்தப்போ கண்ணு கலங்கியிருந்தாங்க, அம்மா கொடுத்ததுன்னாங்க. எங்க மாலையில முப்பத்து மூணு மணி, பதினொண்ணு பதினொண்ணா பிரிச்சு நடுவுல தட்டை மணி வரும், இதுவும் அப்படித்தான், அஞ்சு பிரிவுக்கு அம்பத்தஞ்சு வரணும்னு நெனச்சு எண்ணிப் பாத்தா அஞ்சு குறைஞ்சுது. அஞ்சு தொலைஞ்சு போச்சுன்னு அவங்ககிட்ட சொல்ல மனசு வரலை, சேர்த்துக் கோத்துக் கொடுத்துட்டேன்."

நான் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று வாய்ப்பு. எனக்கு ஒன்றே போதும் என்று நினைத்தேன்.

"பாய் எங்க எண்ணிக்கை தெரியாம அஞ்சு மணியைக் கூடப் போட்டுட்டாரு."

அவர் தலையை ஆட்டினார். "இல்லண்ணே."

"தாத்தா, அவர் அண்ணியைப் பத்திச் சொன்னாரு. நீங்க மணியைப் பத்தி மட்டும் சொல்றீங்க" என்றாள் 'ஆனா'.

அண்ணி என்று அவள் சொன்னது என் மனைவியை. என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு அவள் தோளில் தெரிந்தது.

"சரி. அவ கலங்கினதைப் பாத்து இரக்கப்பட்டுச் செஞ்சாரு. ஆனா—"

பத்தொன்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டார்கள். மேசையைத் தட்டினார்கள். என் மகள் கரும்பலகையில் இரண்டாவது கோட்டைப் போட்டாள். பெற்ற தகப்பன் என்று கோட்டில் ஒரு இரக்கமும் இல்லை. 'ஆனா' எழுந்து நின்று, "எனக்கு மட்டும்தான் இந்த வியாதின்னு நெனச்சேன்" என்றாள்.

ஒரு வாய்ப்பு மிச்சம். கடைசி பெஞ்சில் பேனா ஓடுவது நின்றுவிட்டது. என் மகள் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போது கீழ் உதட்டைக் கடித்துக்கொள்வாளே, அதே மாதிரி கடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வகுப்பு என் வாயில் இருந்தது. இரண்டு வருடக் கோபமும் அதே வாயில் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து இடம் போதவில்லை.

அப்போது அந்தப் பெண் கையைத் தூக்கினாள். "கேள்வி கேக்கலாம்ல மிஸ்? அந்த அஞ்சு மணி எங்கேருந்து வந்துச்சு?"

அளவையாளனான எனக்கு அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும். கூடியதை மட்டும் பார்த்தேன். கூடினால் எங்கேயோ குறைந்திருக்கும் என்று பார்க்கவில்லை.

பாய் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கடையில பழைய மணி ஏதோ கிடந்துச்சும்மா."

"மாமா" என்றாள் மருமகள். சாக்பீஸைக் கீழே வைத்தாள். "பிள்ளைங்க முன்னாடி பொய் சொல்லக் கூடாது. ஜேப்புல இருக்கிறதை எடுங்க."

"எதுக்கும்மா இப்ப அதெல்லாம்?"

"எடுங்க மாமா."

சட்டைப்பையிலிருந்து தன் தஸ்பீஹை எடுத்தார். கருத்த மரமணிகள். தேய்ந்து தேய்ந்து பளபளத்தன. அவள் அதை வாங்கி என் கையில் வைத்தாள். "இது மாமாவோட வாப்பா வெச்சிருந்தது. எண்ணிப் பாருங்க பெரியப்பா."

எண்ணினேன். பதினொன்று. பதினொன்று. ஆறு. மறுபடி எண்ணினேன். இருபத்தெட்டுதான்.

பாய் மெதுவாகச் சொன்னார்: "புது மணி போட்டா நிறம் பளிச்சுன்னு காட்டிக் கொடுத்துடும். அண்ணி மணி அவங்க அம்மா கையில தேஞ்சது. அதுக்குப் பொருந்துறது வாப்பா மணி ஒண்ணுதான் இருந்துச்சு."

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து சொல்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை.

"என் வீட்டுக்காரி கண்கலங்கினதை உங்களால பாக்க முடியலை. அஞ்சு தொலைஞ்சுதுன்னு அவளுக்குத் தெரியவே கூடாதுன்னு, உங்க வாப்பா விரல் பட்டதுலேருந்து அஞ்சை எடுத்து அவ அம்மாவோட மணியில சேர்த்தீங்க. நான் கடையில நின்னு நாலு பேர் முன்னாடி கத்தினப்பகூட, கொடுத்ததைச் சொல்லிக் காட்டின மாதிரி ஆயிடும்னு 'சரிங்க'ன்னு மட்டும் சொன்னீங்க."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"ஆமாண்ணே. அதான்."

பிள்ளைகள் கைதட்டவில்லை. கைதட்டினார்கள் என்று சொல்கிறவர்கள் ஜன்னல்காரர்கள். பிள்ளைகள் என் மனைவியைப் பார்த்தார்கள். 'ஆனா'தான் கேட்டாள்: "பாட்டி, உங்களுக்குப் பதினொண்ணுன்னு தெரியுமா?"

"மொத நாளே தெரியும். விரல் இருக்கே" என்றாள் என் மனைவி. "தம்பி ஏதோ மனசு வெச்சுச் செஞ்சிருக்குன்னும் தெரிஞ்சுது. மொத ஞாயித்துக்கிழமையே பங்குச் சாமியார்கிட்ட கேட்டுட்டேன். கூடச் சொன்னா பாவமில்லம்மா, குறைச்சாத்தான் கேள்வின்னாரு."

"அப்ப ஏன் இவர்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அன்னிக்கே அளக்கக் கிளம்பியிருப்பாரு. அந்தப் பதினொண்ணாவதை நான் இவருக்காகத்தான் சொன்னேன். இவர் கோபத்துக்கு ஒண்ணு பத்தலை, அது வேற விஷயம்."

அறை குலுங்கச் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார். ஊரில் சாமியாருக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும், பாயின் மருமகளுக்குத் தெரியும். மூன்று தலைமுறையாக மாலை ஜெபத்தை நடத்திவரும் குடும்பத்தின் தலைவனுக்கு மட்டும் தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை. கோபமும் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஒரு விஷயம் பாக்கி இருந்தது. அடுத்தவர் தகப்பனாருடைய பொருளை வைத்துக்கொண்டிருப்பது எங்கள் குடும்பத்துக்கு மரியாதை இல்லை. அந்த ஐந்து மணியையும் இன்றே பிரித்துத் தந்துவிடுகிறேன் என்றேன். என் மனைவி கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அதைப் பிரிச்சீங்கன்னா உங்களை வீட்டைவிட்டுப் பிரிச்சுடுவேன்."

பாயும் கையை அசைத்து மறுத்தார். "விடுங்கண்ணே. இருபத்தெட்டு வரைக்கும் மணியில எண்ணுறேன். மிச்சம் அஞ்சுக்கு விரல் இருக்கு. விரல்ல எண்ணுறது எங்களுக்கு இன்னும் நல்லதுன்னு சொல்லுவாங்க. அது அறுந்து விழாது பாருங்க."

இப்படிச் சொல்லிவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கேட்காமலே கையை நீட்டி என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எந்த மகராசன் செஞ்சான்?"

"பஸ் ஏறிப் போய்ச் செஞ்சது" என்றாள் என் மனைவி.

"தெரியுது. பஸ்ஸுலயே செஞ்ச மாதிரி இருக்கு."

பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து இரண்டு பக்கமும் திருகினார். காதில் மாட்டும் கம்பியைச் சற்று வளைத்தார். தன் சட்டை நுனியால் துடைத்து, சின்னப் பிள்ளைக்கு மாட்டுகிறதுபோல எனக்கு மாட்டிவிட்டார். பவரும் தப்பு, நாளைக்குக் கடைக்கு வாருங்கள் என்றார். நான் குனிந்து பார்த்தேன். விழவில்லை.

மணி அடித்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. சிஸ்டர் நோட்டை மூடிக்கொண்டு முன்னால் வந்தார். என் மகளும் கணக்கு டீச்சரும் தண்டனைக்குக் காத்திருக்கிறவர்கள்போல ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அடுத்த வருஷம் மூணு பீரியட்" என்றார் சிஸ்டர். "ரெண்டு பீரியட்ல இவங்களே முடிக்கலையே."

"ஆனா சிஸ்டர், அடுத்த வருஷத்துக்கு யார் சண்டைக்கு வருவாங்க?" என்றாள் அந்தப் பெண்.

"அதுக்குக் குறைச்சலே இருக்காது" என்றாள் என் மனைவி.

மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்துக்கே போய்விட்டேன். முன்பு நான் கத்தியபோது நான்கு பேர் இருந்தார்கள். அன்று இரண்டு பேர்தான் இருந்தார்கள். இன்னும் இரண்டு பேர் வரும் வரை காத்திருந்து, நான் கத்தியது தப்பு என்று சத்தமாகச் சொன்னேன். பாய் தலையைக் குனிந்துகொண்டு என் பவரை அளந்தார். அளக்கிறவன் அளக்கப்படுவது ஒரு புது அனுபவம்.

இப்போது ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. நான் அந்த ஜெபமாலையைப் பிரித்துப் பத்துப் பத்தாகத் திருத்திவிட்டேன் என்றும், எங்கள் வீட்டு ஜெபத்தில் இனிக் குழப்பம் இல்லை என்றும் சொல்கிறார்கள். தவறு. அவள் ஜெபமாலையில் பதினொன்றுதான் இருக்கிறது. என்னுடையதில் பத்து. பதினொன்றாவதை நான் விரலில் சொல்கிறேன்.